பாடசாலை திறக்குமுன் பிள்ளையின் தூக்கத்தைத் திருப்ப மூன்று வழிகள்: நம் மலையக வீட்டுக்கு எது ஒத்துவரும்?

இலங்கையில் பாடசாலை மணி காலை 7.30க்கு அடிக்கிறது. அதிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். ஹட்டனுக்கோ தலவாக்கலைக்கோ போகும் பஸ் 6.15க்கு ரோட்டில் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனில் (தோட்டப் பிரிவில்) உள்ள லயத்திலிருந்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டிலிருந்து, ரோட்டுக்கு இறங்க அரை மணி நேரம். முகம் கழுவி, உடுத்தி, ஒரு ரொட்டியைச் சம்பலோடு சாப்பிட முக்கால் மணி நேரம். ஆக, பிள்ளை 5 மணிக்கு எழும்ப வேண்டும்.

6 முதல் 12 வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016இல் பரிந்துரைத்தது. உலகெங்கும் குழந்தை வைத்தியர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். அந்தக் கணக்குப்படி தரம் ஐந்தில் படிக்கும் பிள்ளை 5 மணிக்கு எழும்ப வேண்டுமென்றால், முந்தின இரவு 8 மணிக்கே தூங்கியிருக்க வேண்டும். ஆனால் டிசம்பர் விடுமுறையில் அதே பிள்ளை படுப்பது பத்தரைக்கு, சில வீடுகளில் பதினொன்றுக்கு. நடுவில் இரண்டரை மணி நேரம் இடிக்கிறது.

இந்த இரண்டரை மணி நேரத்தை நம் வீடுகள் மூன்று விதமாகச் சமாளிக்கின்றன. சிலர் பாடசாலை திறக்கும் நாளன்று எழுப்பிவிட்டு, அப்புறம் பழகிவிடும் என்று விடுகிறார்கள். சிலர் படுக்கும் நேரத்தை நாளுக்கு நாள் கொஞ்சங்கொஞ்சமாக முன்னுக்குக் கொண்டுவருகிறார்கள். இன்னும் சிலர் படுக்கும் நேரத்தைத் தொடாமல் எழும்பும் நேரத்தை முதலில் பிடிக்கிறார்கள். மலையகத்துப் பெரும்பாலான வீடுகளுக்கு மூன்றாவதுதான் பொருந்தும் என்பது என் முடிவு. சின்னப் பிள்ளைகள் இருந்து, மாலையில் அவர்களோடு உட்கார ஒரு பெரியவரும் இருந்தால் இரண்டாவது நல்லது. முதலாவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் ஏன் அத்தனை வீடுகளில் அதுவே நடக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

திறக்கும் நாளில் எழுப்புவது

காலையில் அம்மாவும் அப்பாவும் பிரட்டுக்களத்துக்கு (தோட்ட வேலைக்கு ஆள் கூடும் இடத்துக்கு) போய்விட்டால், விடுமுறை நாளில் பிள்ளையை எழுப்ப வீட்டில் ஆள் இல்லை. அம்மா வெளிநாட்டிலோ கொழும்பிலோ வேலை செய்யும் வீடென்றால், பிள்ளைகளைப் பார்ப்பது பாட்டி. அவர் பேரப்பிள்ளை தூங்கட்டும் என்றுதான் நினைப்பார். குளிர் வேறு. நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்தே கருகிப்போகும் காலைகள் உண்டு. கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும் பிள்ளையை வேலையில்லாமல் இழுத்து எழுப்ப யாருக்கு மனது வரும்? ஆகவே இதை அலட்சியம் என்று சொல்வது நியாயமில்லை.

"ஒரு வாரம் கஷ்டப்படும், பிறகு சரியாகிவிடும்" என்ற பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. நாலைந்து நாள் 5 மணிக்கு எழும்பினால் உடம்பு களைத்து, இரவில் தூக்கம் முன்னதாக வரத்தான் செய்யும். ஆனால் அந்த நாலைந்து நாள் எந்த நாட்கள் என்று பாருங்கள். புது வகுப்பு, புது ஆசிரியர், புதுப் புத்தகம், பக்கத்தில் யார் உட்காருவது என்ற கலக்கம் எல்லாம் சேர்ந்த வாரம் அது. ஆசிரியர் பிள்ளைகளை ஒவ்வொருவராக அறிந்துகொள்ளும் வாரமும் அதுதான். அந்த வாரத்தில் கண் சொக்கி உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு "மந்தம்" என்று ஒரு பெயர் விழுந்துவிட்டால் அதைக் கழற்றுவது லேசான காரியமில்லை.

இன்னொன்று, தூக்கம் போதாத சின்னப் பிள்ளை பெரியவர்களைப் போல அசதியாகத் தெரியாது. ஓரிடத்தில் நிற்காமல் துள்ளும், சின்ன விஷயத்துக்கு அழும், பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளும். அதைத் தூக்கமின்மை என்று யாரும் நினைப்பதில்லை, குறும்பு என்று அடி விழுகிறது.

அதோடு இந்த வழியில் "ஒரு வாரம்" என்பது ஒரு வாரத்தோடு முடிவதில்லை. வெள்ளி இரவும் சனி இரவும் பதினொரு மணி வரை விழித்து, ஞாயிறு ஒன்பது மணிக்கு எழும்பினால், திங்கட்கிழமை மறுபடியும் முதல் நாள்தான். தவணை முழுக்க ஒவ்வொரு திங்களும் அப்படியே போகும்.

கொஞ்சங்கொஞ்சமாக முன்னே கொண்டுவருவது

புத்தகங்களிலும் தாதிமார் பேச்சிலும் அதிகம் கேட்கும் வழி இது. இன்று 10.30க்குப் படுத்தால் நாளை 10.15, மறுநாள் 10.00 என்று போக வேண்டும். எழுப்புவதையும் அதே அளவு முன்னே கொண்டுவர வேண்டும். 10.30இலிருந்து 8.00க்கு வர 150 நிமிடம். நாளுக்கு 15 நிமிடம் வீதம் பத்து நாள். இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றினால் இருபது நாள். டிசம்பர் விடுமுறைக்குள் இதை அடக்கலாம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி வரும் விடுமுறை சின்னது, உறவினர் வீடு, கோயில், விருந்து என்று நாட்கள் ஓடிவிடும். அந்த விடுமுறையில் நேரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போகாமல் பார்த்துக்கொள்வதுதான் புத்தி. தள்ளிப்போனதைத் திருப்ப நாள் இருக்காது.

எட்டொன்பது வயதுக்குக் கீழான பிள்ளைகளுக்கு இது அருமையாக வேலை செய்யும். அவர்கள் உடம்பு இயல்பாகவே முன்னிரவில் தூங்கும் உடம்பு. சண்டை இல்லை, அழுகை இல்லை, பிள்ளைக்கே தெரியாமல் நேரம் மாறிவிடும்.

சிக்கல் வீட்டில் இருக்கிறது. லயக் காம்பராவில் பிள்ளைக்கென்று தனி அறை ஏது? அதே அறையில்தான் டி.வி., அதே பல்பு வெளிச்சத்தில்தான் அப்பா சாப்பிடுகிறார், அடுப்படியில் அம்மா பாத்திரம் கழுவுகிறார். 8.45க்கு ஒரு பிள்ளையை மட்டும் "நீ தூங்கு" என்று பாயில் போட்டால் அது கண்ணை மூடிக்கொண்டு நாடக வசனத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும். வீடு முழுவதும் சேர்ந்து அடங்கினால்தான் இந்த வழி நடக்கும்.

உடம்புக்குள்ளும் ஒரு தடை இருக்கிறது. வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தின இரண்டு, மூன்று மணி நேரம் உடம்பு நன்றாக விழித்திருக்கும் நேரம். பகல் முழுக்க விளையாடிக் களைத்த பிள்ளை கூட அந்த நேரத்தில் சுறுசுறுப்பாகிவிடும். பத்தரைக்குப் பழகிய பிள்ளையை எட்டு மணிக்குப் படுக்க வைத்தால் புரண்டு கொண்டே கிடப்பது அதனால்தான். பிடிவாதத்தினால் இல்லை. பதினைந்து நிமிடம் பதினைந்து நிமிடமாகப் போகச் சொல்வதற்குக் காரணமும் இதுவே. அவசரப்பட்டு ஒரே இரவில் ஒரு மணி நேரம் இழுத்தால் பிள்ளை இருட்டில் விழித்துக் கிடந்து, படுக்கை என்றாலே எரிச்சல்படப் பழகிவிடும்.

எழும்பும் நேரத்தை முதலில் பிடிப்பது

ஒரு பிள்ளையைத் தூங்கு என்று கட்டளையிட்டுத் தூங்க வைக்க யாராலும் முடியாது. எழுப்ப முடியும். நம் கையில் இருப்பது காலைதான். மூன்றாவது வழியின் பலம் முழுவதும் இதில் இருக்கிறது.

தூக்கத்தை இரண்டு விஷயங்கள் நடத்துகின்றன. ஒன்று, விழித்த நேரத்திலிருந்து உடம்பில் சேர்ந்துகொண்டே வரும் தூக்க அழுத்தம். முன்னதாக எழும்பினால் அது முன்னதாகச் சேர ஆரம்பிக்கும், இரவில் முன்னதாகத் தூக்கமும் வரும். மற்றது, மூளைக்குள் ஓடும் கடிகாரம். அதைத் திருத்துவது முக்கியமாகக் கண்ணில் படும் வெளிச்சம். காலை வெளிச்சம் கடிகாரத்தை முன்னே கொண்டுவரும், இரவு வெளிச்சம் பின்னே தள்ளும்.

நம் நாட்டில் சூரியன் எழுவது ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 5.50க்கும் 6.30க்கும் இடையில்தான். ஜனவரியில் அது 6.20க்கும் பிந்திவிடும். மலை மறைத்தால், மூடுபனி இருந்தால் வெளிச்சம் வர இன்னும் தாமதம். அதாவது, 5 மணிக்கு எழும்பும் நம் பிள்ளை எந்த மாதத்திலும் இருட்டில்தான் எழும்புகிறது. ஊர்ப் பெரியவர்களுக்கு இதைவிடக் கடுமையான காலம் ஒன்று நினைவிருக்கும். மின்சாரத் தட்டுப்பாட்டினால் 1996 மே 25இல் நாட்டின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அக்டோபரில் அரை மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மிச்ச அரை மணி நேரம் 2006 ஏப்ரல் 15 வரை நீடித்தது. பிள்ளைகள் இருட்டில் பாடசாலைக்குப் போகிறார்கள் என்பது அந்தப் பத்தாண்டில் ஓயாத முறைப்பாடு. அன்று டோர்ச் வெளிச்சத்தில் தேயிலை மலை இறங்கிய பிள்ளைகள்தான் இன்று பாடசாலைப் பிள்ளைகளின் பெற்றோர். வெளிச்சமில்லாத காலை என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

செய்ய வேண்டியது இதுதான். பாடசாலை திறக்க ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போது எழும்பும் நேரத்தை ஏழு, ஆறரை, ஆறு, ஐந்தரை என்று இறக்கி, கடைசி இரண்டு நாளும் சரியாக 5 மணிக்குக் கொண்டுவாருங்கள். எழும்பியவுடன் பல்பைப் போடுங்கள். கொஞ்சம் சுடுதண்ணியில் முகம் கழுவ விடுங்கள். வெளிச்சம் வந்ததும் ஒரு வேலை சொல்லி வெளியே அனுப்புங்கள். கடைக்குப் போகட்டும், பீலியில் (ஊற்றுநீர்க் குழாயில்) தண்ணி பிடித்து வரட்டும், கோழியைத் திறந்துவிடட்டும், சும்மா வாசலில் விளையாடினாலும் சரி. இருபது முப்பது நிமிடம் போதும். பனி மூட்டமாக இருந்தாலும் வெளியே இருக்கும் பகல் வெளிச்சம் வீட்டு பல்பைவிடப் பல மடங்கு அதிகம். அந்த நாட்களில் பகல் தூக்கம் வேண்டாம். இரவில் எப்போது படு என்று சொல்லவும் வேண்டாம், கண் சொக்கும்போது பாயை விரித்துக் கொடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் பிள்ளை எரிந்து விழும். அதற்கப்புறம் படுக்கும் நேரம் தானாக முன்னே நகர்வதைப் பார்ப்பீர்கள்.

மார்கழி இதற்கு நமக்குக் கிடைத்த பெரிய துணை. டிசம்பர் நடுவிலிருந்து பொங்கலுக்கு முந்தின நாள் வரை தோட்டக் கோயில்களில் விடியக்காலைப் பஜனை நடக்கிறது. பிள்ளைகள் குளிரோடு எழும்பி, பாடிக்கொண்டு லயம் லயமாகச் சுற்றி வருகிறார்கள். கடைசியில் கிடைக்கும் பொங்கலுக்கும் கடலைக்கும் ஆசைப்பட்டாவது எழும்பும் பிள்ளைகள் உண்டு. பஜனைக்குப் போகும் பிள்ளைக்கு ஜனவரியில் எந்தப் பயிற்சியும் தேவையில்லை. இரண்டு நிபந்தனை மட்டும்: முந்தின இரவு பத்து பதினொரு மணி வரை விழிக்கக் கூடாது, பஜனை முடிந்து வந்து மறுபடி பத்து மணி வரை தூங்கவும் கூடாது. இரண்டில் ஒன்று நடந்தாலும் பலன் போய்விடும். கோயில் இல்லாத, அல்லது வேறு மார்க்கத்து வீடுகளிலும் காலையில் பிள்ளை ஆசைப்பட்டுச் செய்யும் ஒரு காரியம் இருந்தால் எழுப்புவது பாதி லேசாகிவிடும்.

பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும் பொறுமை அதிகம் வேண்டும். வயதுக்கு வரும் காலத்தில் உடம்பின் கடிகாரமே ஒன்றிரண்டு மணி நேரம் பின்னுக்குப் போகிறது. இரவு பத்து மணிக்கு முன் அவர்களுக்குத் தூக்கம் வராமலிருப்பதும் காலையில் எழும்ப முடியாமலிருப்பதும் சோம்பேறித்தனம் அல்ல. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014இலேயே பெரிய பிள்ளைகளின் பாடசாலை 8.30க்கு முன் தொடங்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டது. நம் மணி 7.30க்கு அடிக்கும்வரை, அவர்களுக்கு ஒரு வாரத்துக்குப் பதில் இரண்டு வாரம் கொடுங்கள்.

எந்த வழியானாலும் வீட்டில் மாற வேண்டியவை

முதலில் தேத்தண்ணி. தேயிலை விளையும் மண்ணில் பிள்ளைக்குப் பிளேன்டீ கொடுக்காதே என்று சொல்வது எவ்வளவு சங்கடம் என்று எனக்குத் தெரியும். இருந்தும் சொல்லத்தான் வேண்டும். சாயம் கூடின ஒரு பெரிய கோப்பைத் தேநீரில் தூக்கத்தை விரட்டும் கஃபேன் ஏறக்குறைய 40, 50 மில்லிகிராம் இருக்கும். கனடாவின் சுகாதாரத் துறை 7 முதல் 9 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 62.5 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது, 10 முதல் 12 வயதுக்கு 85. காலையில் ஒன்று, பாடசாலை விட்டு வந்து ஒன்று, இரவுச் சாப்பாட்டோடு ஒன்று என்றால் எல்லை தாண்டிவிட்டது. குடித்த கஃபேனில் பாதி உடம்பை விட்டுப் போக ஐந்து மணி நேரம் போல ஆகும். ஆறு மணிக்குக் குடித்த தேநீர் பதினொரு மணிக்கும் பாதி உள்ளேயே இருக்கிறது. காலையில் ஒரு கோப்பை, அதுவும் சாயம் குறைத்து, இருக்கட்டும். பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு கொத்தமல்லித் தண்ணியோ இஞ்சி போட்ட சுடுதண்ணியோ பாலோ கொடுங்கள். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதும் குறையும். இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளைகள் இரவில் கால்களை ஆட்டிக்கொண்டு, புரண்டு புரண்டு படுப்பதுண்டு. இந்த ஒரு மாற்றம் இரண்டு பக்கமும் உதவும்.

அடுத்தது டி.வி.யும் போனும். 2020இல் பாடசாலைகள் மூடியபோது படிப்பதற்கென்று போன் வீட்டுக்குள் வந்தது, படிப்பு முடிந்த பிறகும் பாயில் தங்கிவிட்டது. இரவு அது அடுப்படியில் சார்ஜில் கிடக்கட்டும், பெரியவர்களுடையதும் சேர்த்து. டி.வி.யை எட்டரைக்கு நிறுத்த முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் சத்தத்தைக் குறைத்து, ஒரு பழைய சேலையைக் குறுக்கே கட்டிப் பிள்ளைகள் பக்கம் இருட்டாக்குங்கள். பெரிய பல்பை அணைத்து அடுப்படி வெளிச்சத்தில் மற்ற வேலையைப் பார்க்கலாம்.

குளிருக்கு ஒரு சின்ன வைத்தியம் இருக்கிறது. படுக்கப் போகும் முன் இளஞ்சூடான தண்ணியில் கால் கழுவி, துடைத்து, காலுறை போட்டுவிடுங்கள். பாதம் சூடாக இருந்தால் உடம்பின் உள்வெப்பம் வெளியேறி, தூக்கம் சீக்கிரம் வரும். அடுப்புப் புகை படுக்கும் பக்கம் சேராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரவு இருமலுக்கு அந்தப் புகையும் ஒரு காரணம்.

இரவில் படிப்பதா, விடியக்காலையில் படிப்பதா

சாதாரண தர, உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகள் உள்ள வீட்டில் தூக்கம் பற்றிய பெரிய வாக்குவாதமே இதுதான். விடியக்காலை நாலு மணிக்குப் படித்தால் மண்டையில் ஏறும் என்று நம் ஊரில் அசைக்க முடியாத நம்பிக்கை. ஒன்பது மணிக்குப் படுத்து நாலுக்கு எழும்பினாலும், பத்துக்குப் படுத்து ஐந்துக்கு எழும்பினாலும் ஏழு மணி நேரம்தான். இரண்டும் பரிந்துரைத்த எட்டுக்குக் குறைவு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை ஒன்பதுக்குப் படுத்தாலும் தூங்குவது பத்துக்குத்தான். நாலுக்கு எழுப்பினால் உண்மையில் கிடைத்தது ஆறு மணி நேரம். அதோடு, வழக்கமாக எழும்பும் நேரத்துக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால்தான் உடம்பின் வெப்பம் ஆகக் குறைந்திருக்கும், மூளையும் மந்தமாக இருக்கும். கனவு காணும் தூக்கத்தின் பெரும்பகுதியும் விடியக்காலையில்தான் வருகிறது. அதையும் வெட்டிவிடுகிறோம். படித்தது மனதில் பதிவது தூக்கத்தில் என்பதால், படிப்பதற்காகத் தூக்கத்தை வெட்டுவது கையிலிருப்பதைக் கொடுத்துக் கடன் வாங்குவது போன்றது. இந்தக் கணக்கில் பார்த்தால், பெரிய பிள்ளைகளுக்கு ஒன்பதரை வரை படித்துவிட்டுப் படுப்பதே மேல்.

ஆனால் லயத்தில் அமைதி எப்போது கிடைக்கும்? இரவு பத்து வரை பக்கத்துக் காம்பரா டி.வி. சுவரைத் துளைத்துக்கொண்டு வரும். நாலரைக்கு ஊரே அமைதி. அந்த அமைதியில் ஒரு மணி நேரம் படிப்பது இரவில் மூன்று மணி நேரம் திணறுவதைவிடப் பலன் தரும் என்று ஒரு உயர்தர மாணவி சொன்னால், அவளோடு நான் வாதாட மாட்டேன். அப்படியானால் அவள் எட்டரை, ஒன்பதுக்கே தூங்கப் பழக வேண்டும், அதற்கு வீடு ஒத்துழைக்க வேண்டும். நாலரைக்கு எழும்புவதை மட்டும் வைத்துக்கொண்டு, பத்தரைக்குப் படுப்பதையும் வைத்துக்கொள்வது சரிப்படாது.

தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் பிள்ளையைப் பற்றி எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. பத்து வயதுப் பிள்ளையை நாலு மணிக்கு எழுப்பாதீர்கள். ஒன்பது மணி நேரம் தூங்கி எழுந்த பிள்ளை மாலையில் நாற்பது நிமிடம் படித்தால் போதும்.

பகல் தூக்கம் பற்றிச் சுருக்கமாக. பாடசாலை விட்டு வந்து மூன்று மணிக்குச் சாய்ந்து ஐந்தரைக்கு எழும்பும் பிள்ளை இரவு பத்துக்கு முன் தூங்காது. இருபது, முப்பது நிமிடம் என்றால் பரவாயில்லை, நாலு மணிக்கு முன் எழுப்பிவிடுங்கள். மாலையில் டியூஷன் இருக்கும் நாளில் இந்தக் குட்டித் தூக்கம் உதவியாகவே இருக்கும்.

பஸ்ஸா, வேனா

வேன் பிடித்தால் பிள்ளை கூடக் கொஞ்சம் தூங்கலாம் என்று பணம் கட்டுகிறோம். பணம் கட்டுமுன் வேன்காரரிடம் ஒன்றைக் கேளுங்கள்: என் பிள்ளையை எத்தனையாவதாக ஏற்றுவீர்கள்? ஒவ்வொரு டிவிஷனாகச் சுற்றி வரும் வேனில் முதலாவதாக ஏறும் பிள்ளை பஸ்ஸில் போவதைவிட முன்னதாகவே எழும்ப வேண்டியிருக்கும். கடைசியில் ஏறினால் அரை மணி நேரத் தூக்கம் மிச்சம், கட்டும் காசு தகும். இரண்டு, மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு ஆட்டோவைப் பேசுவது சில இடங்களில் வேனைவிட மலிவாகவும் வரும்.

காசில்லாமலும் கால் மணி நேரம் சேமிக்கலாம். பையை இரவே கட்டிவைப்பது எல்லோருக்கும் தெரிந்தது. நம் மலையில் காலை நேரத்தை உண்மையில் தின்பது காயாத சீருடை. ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை மழை விடாது. பதுளை, பண்டாரவளைப் பக்கம் வருடக் கடைசியும் ஜனவரியும் நனைந்தே போகும், அங்கே பாடசாலை திறப்பதே ஈரத்தில்தான். வெள்ளைச் சட்டை இரண்டாவது ஒன்று வாங்க முடிந்தால், நான் முதலில் அதற்குத்தான் காசு செலவழிப்பேன். முடியாவிட்டால் பாடசாலை விட்டு வந்தவுடன் துவைத்து அடுப்பின் மேல் கயிற்றில் போட்டுவிடுங்கள். சப்பாத்துக்குள் பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து வைத்தால் ஈரம் வாங்கிக்கொள்ளும்.

சனி, ஞாயிறில் ஒரு மணி நேரம் கூடத் தூங்கலாம், அதற்கு மேல் வேண்டாம். மாசியில் காமன் கூத்து, கோயில் திருவிழா என்று விடிய விடிய விழிக்கும் இரவுகளும் வரும். அவற்றைப் பிள்ளையிடமிருந்து பறிக்கக் கூடாது. மறுநாள் மதியம் ஒரு மணி நேரம் தூங்கவிட்டு, அடுத்த நாள் காலை வழக்கமான நேரத்துக்கே எழுப்பினால் ஒன்றும் கெட்டுப்போகாது.

இதையெல்லாம் செய்து இரண்டு, மூன்று வாரமாகியும் பிள்ளை காலையில் கண் திறக்க முடியாமல் தவித்தால் வேறு காரணம் இருக்கலாம். தினமும் சத்தமாகக் குறட்டை விடுகிறதா, வாயால் மூச்சு விடுகிறதா, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா, இருமலில் விழிக்கிறதா, முகம் வெளிறியிருக்கிறதா என்று இரண்டு இரவு கவனித்துப் பாருங்கள். மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்திருக்கலாம், ஆஸ்துமா இருக்கலாம், இரத்தச்சோகை இருக்கலாம். மூன்றுக்கும் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாக வைத்தியம் உண்டு. குறட்டைச் சத்தத்தைப் போனில் பதிவு செய்துகொண்டு கிளினிக்குக்குப் போங்கள், வைத்தியருக்கு அது மிகவும் உதவும்.